சிவந்த இறாலும் அவசர உவமையும்

பிரான்சின் தெற்கே, ரோன் நதி மத்தியதரைக் கடலில் கலக்கும் பகுதி கமார்க். அங்கே எக்-மோர்த் என்ற பழைய கோட்டை நகரை அடுத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பேறிய பாத்திகளில் மீன்கள் பிழைப்பதில்லை. ஆனால் ஆர்ட்டீமியா என்ற உவர்நீர் இறால் பிழைக்கிறது. நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்போர் மீன்குஞ்சுகளுக்கு இரையாக இதை வாங்கியிருப்பீர்கள். தூத்துக்குடி உப்பளங்களிலும் இது உண்டு.

ஆர்ட்டீமியா பொதுவாக உடலுக்குள்ளிருப்பது தெரியும் அளவுக்கு வெளிறியிருக்கும். சில மட்டும் நன்கு சிவந்து, நீரின் மேற்பரப்பில், கூட்டமாக நீந்துகின்றன. அவற்றைப் பிடித்து நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கும். ஃப்ளமிங்கோலெபிஸ் என்பது அதன் பெயர். பெயரிலேயே பூநாரை இருக்கிறது பாருங்கள்! புழு முதிர்ந்து முட்டையிடுவது பூநாரையின் குடலில்தான். எச்சத்தோடு முட்டை நீரில் விழும். கிடைத்ததையெல்லாம் வடிகட்டித் தின்னும் இறால் அதையும் விழுங்கும். குடற்சுவரைத் துளைத்து உடலுக்குள் புகுந்த குஞ்சுப்புழு அங்கேயே காத்திருக்கும். அந்த இறாலைப் பூநாரை தின்றால்தான் அதற்கு வாழ்வு.

எனவே இறாலையே அது மாற்றிவிடுகிறது. நிறமும் கொழுப்பும் கூடுகின்றன. வெளிச்சத்தை நோக்கி மேலே வருகிறது. முட்டையிடும் திறனையும் இறால் இழந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குச் செலவாக வேண்டிய சத்து புழுவின் பங்காகிறது. வியப்பு என்னவென்றால், புழு உள்ளவை மற்றவற்றைவிட நீண்டநாள் வாழவும் கூடும்.

இதைக் கேட்ட எந்தப் பிரசங்கியாருக்கும் நாக்கு துறுதுறுக்கும். பாவம் உள்ளே நுழைகிறது, வெளியே பளபளப்பு, உள்ளே மலட்டுத்தன்மை, முடிவில் அழிவு! நம் வாலிபர் கூடுகையில் யாராவது இந்த உவமையைச் சொல்லுமுன் ஒன்றை யோசிக்கட்டும். இந்த இறால் எந்தத் தப்பும் செய்யவில்லை. பசிக்கு உண்டது, அவ்வளவே. நம் சபையின் இருக்கைகளில் பிள்ளைக்காக வருஷக்கணக்காய் ஜெபிக்கும் தம்பதியரும் இருக்கிறார்கள். அவர்கள் காதில் அந்த உவமை எப்படி விழும்? யோபுவின் சிநேகிதரும் துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க அவசரப்பட்டவர்களே. கர்த்தரோ பேசத் தொடங்கியபோது யோபுவின் பாவக் கணக்கை எடுக்கவில்லை. காட்டுக்கழுதை, தீக்குருவி, கழுகு என்று சிருஷ்டிகளையே ஒவ்வொன்றாய்க் காட்டினார்.

உவமைக்குள் அடங்காத இன்னொரு செய்தியும் உண்டு. ஸ்பெயினின் தென்மேற்கில் ஒடியெல், டின்டோ ஆறுகளின் கழிமுகம் பல காலச் சுரங்கக் கழிவால் நஞ்சேறிய இடம். அங்குள்ள ஆர்ட்டீமியாக்களை ஆர்செனிக் கலந்த நீரில் விட்டுப் பார்த்த மார்த்தா சாஞ்செஸும் சக ஆய்வாளர்களும் 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். நஞ்சை அதிகம் தாங்கியவை புழு இல்லாத இறால்கள் அல்ல, புழு உள்ளவையே. அவற்றின் உடலில் நஞ்சின் சேதத்தை எதிர்க்கும் வலுவும் கொழுப்புத் துளிகளும் கூடுதலாக இருந்தன. ஆனால் அந்த இறாலும் முட்டையிடுவதில்லை. புழு அதைக் காப்பாற்றி வைத்திருப்பதும் பூநாரைக்காகத்தான்.