எடைக்குப் போகலாமா நம் புத்தகங்கள்?

நாங்கள் வசிக்கும் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்று இன்னொரு பெயரும் உண்டு. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. ஃபெர்டினாண்ட் கிட்டல் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார். கன்னடம் கற்று, சுமார் 70,000 சொற்கள் அடங்கிய கன்னட-ஆங்கில அகராதியைத் தொகுத்து 1894-இல் வெளியிட்டவர். அயல்மொழிக்காக அத்தனை பாடுபட்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய இடத்தில் குடியிருக்கும் நாம், தாய்மொழிப் புத்தகங்களை என்ன செய்துகொண்டிருக்கிறோம்? இந்தக் கேள்வி என் மனதில் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். நல்ல வாசகர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் கையில் ஏதாவது புத்தகம் இருக்கும். அவர் மறைந்த ஒரு மாதத்துக்குள், பழைய பேப்பர் கடை வாசலில் அவருடைய கையெழுத்துடன் ஒரு புத்தகக் கட்டைப் பார்த்தேன். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்த தொகுப்புகளும் அதில் இருந்தன. எடை போட்டுப் பணம் கொடுத்து வாங்கி வந்தேன். அவர் மகனிடம் கேட்டபோது, "வீட்டில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, அங்கிள். வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. என் பேத்திக்கும் அப்போது தமிழ் எழுத்து தெரியாது.

ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் பணியாற்றியவன் நான். டிராலியில் பாதையைப் பார்வையிட்டுவிட்டு ஏதாவது ஒரு சிறு ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரங்களில்தான் நாவல் படிக்கக் கற்றுக்கொண்டேன். இலக்கிய விமர்சகன் அல்லன். ஆனால் வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்கள் எவற்றைப் படிக்கலாம் என்று கேட்டால், சிலவற்றைத் தயங்காமல் சொல்வேன்.

முதலில் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன்தான் கதாநாயகன். கிரிக்கெட்டும் கல்லூரியுமாக இருந்தவனின் வாழ்க்கை, நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களிலும் ரஜாக்கர் கலவரத்திலும் 1948 போலீஸ் நடவடிக்கையிலும் எப்படிப் புரண்டுபோகிறது என்பதே கதை. பிற மொழிக்காரர்கள் நடுவே, வீட்டுக்குள் ஒரு மொழியும் தெருவில் வேறொரு மொழியுமாக வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் பையன் அந்நியனாகத் தோன்ற மாட்டான்.

அடுத்து நாஞ்சில் நாடனின் 'மிதவை'. பட்டம் வாங்கியும் ஊரில் வேலை கிடைக்காமல் பம்பாய்க்கு ரயில் ஏறும் இளைஞனின் கதை. நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கியவர்கள்! நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்காத கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறது.

மூன்றாவது, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). சிங்காரம் இளம் வயதில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைக்கப் போனவர். இரண்டாம் உலகப் போரில் சிக்கிய தென்கிழக்காசியத் தமிழர்களின் வாழ்வை, கண்ணால் கண்டவருக்கே உரிய உறுதியோடு எழுதியிருக்கிறார். முதல் அத்தியாயங்கள் சற்றுக் கடினம். பொறுமையாகத் தாண்டிவிட்டால் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது.

நம் அண்டை வீட்டாரின் இலக்கியத்தையும் நாம் அறிய வேண்டும். கர்நாடகத்தில் தொலைபேசித் துறையில் பொறியாளராகப் பணியாற்றிய எழுத்தாளர் பாவண்ணன், எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ' நாவலைப் 'பருவம்' என்று தமிழில் தந்திருக்கிறார். மகாபாரத மாந்தரை அற்புதங்கள் ஏதுமின்றி, நம்மைப் போன்ற மனிதர்களாகக் காட்டும் பெரிய நாவல் அது. மொழிபெயர்ப்புக்காக 2005-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. 1983-இல் ஞானபீட விருது பெற்ற கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ்தான் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஒரு மொழியை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

சரி, படிக்கவே தெரியாத பிள்ளைகளுக்கு என்ன வழி? நான் செய்தது இதுதான். ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் டி.வி.யை நிறுத்திவிட்டு, பேத்திக்கு உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். எடுத்துக்கொண்டது சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. நம் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய அதே சுஜாதா, தம் ஊர் மனிதர்களைப் பற்றி எழுதிய சிறுகதைகள். பேச்சுத் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு எளிதில் புரியும். சிரிப்பும் வரும்.

ஒரு ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கதை பாதியில் நின்றுவிட்டது. "மீதியை நானே படிக்கிறேன், தாத்தா, எழுத்து சொல்லிக் கொடுங்க" என்றாள். அன்று தொடங்கிய பாடம் இன்னும் முடியவில்லை. ரகர றகரக் குழப்பம் தீரவில்லை. ஒரு பக்கம் படிக்கக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனாலும் அந்தக் காகிதக் கடைக் கட்டிலிருந்து ஒரு தொகுப்பை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். பெரியவர் கைப்பட எழுதிய பெயர்தான் அவள் அதில் முதலில் படித்த வரி.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பத்துப் புத்தகமாவது சும்மா கிடக்கும். அவற்றின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் கொடுங்கள். அவர்கள் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். இரவல் கொடுத்தால் திரும்பி வராது என்று பயப்படுபவர்கள் ஒரு நோட்டில் தேதியைக் குறித்து வையுங்கள். திரும்பி வராவிட்டால்தான் என்ன? எடைக்குப் போவதைவிட அடுத்த வீட்டில் தங்கிவிடுவது எவ்வளவோ மேல்.

உங்களுக்குப் பிடித்த நூல் எது, ஏன் பிடித்தது என்று நம் இதழுக்கு நான்கு வரி எழுதுங்கள். அடுத்து என்ன படிப்பது என்று நானும் என் பேத்தியும் தேடிக்கொண்டிருக்கிறோம்.