அஞ்சறைப் பெட்டி – 9: அழகர் தோசைக்குள் மிளகு

சென்ற வாரம் ரசத்தோடு நிறுத்தினோம். மிளகு, சீரகம், சுக்கு மூன்றும் ஒன்றுகூடும் இன்னொரு பண்டம் மதுரைக்கு வடக்கே 20 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. கள்ளழகர் கோயில் பிரசாதமான அழகர்கோவில் தோசை.

ஹோட்டல் தோசையை நினைத்துக்கொண்டு போகிறவர் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். விரல் கனம். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. கருப்பு உளுந்தின் தோல் மாவு முழுக்கப் புள்ளி வைத்திருக்கும். பிட்டு வாயில் போட்டால் ஒன்றிரண்டாக உடைத்த மிளகு பல்லில் அகப்படும்; பிறகு சுக்கின் எரிப்பு தொண்டைக்குள் இறங்கும். சட்னி, சாம்பார் எதுவும் வேண்டாம். குடியானவர்கள் அழகருக்குச் செலுத்தும் தானியத்தில் பிறந்த பிரசாதம் என்பார்கள். மிளகாய்க்கு இங்கே வேலை இல்லை. அது போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பின்வரவு.

உளுந்து வாயு என்று அப்பத்தாக்கள் சொல்வது சரிதான். அதிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது. அவை பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு இரையாகின்றன. வாயு அங்கேதான் உண்டாகிறது. தோலின் நார்ச்சத்தும் அதே பந்திக்குத்தான் போகிறது. வெள்ளை உளுந்துக்கு மாறிய நாம் அந்தப் பந்தியில் பாதியைத் தவிட்டோடு தள்ளிவிட்டோம்.

இவ்வளவு கனமான பண்டத்தைச் செரிக்க வைக்கத்தான் மிளகும் சீரகமும் சுக்கும். இந்த மாதிரி மசாலாப் பொருட்கள் பித்தநீரையும் செரிமான நொதிகளையும் தூண்டுவதை மைசூரு உணவு ஆராய்ச்சி நிலையத்தார் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-ல் வெளியிட்ட ஆய்வு மனிதர்களிடம் நடந்தது. அன்றாடச் சாப்பாட்டிலேயே நாளுக்கு 0.5, 3.3, 6.6 கிராம் என மூன்று அளவில் மசாலா கலந்து, ஒவ்வொன்றையும் நாலு வாரம் கொடுத்தார்கள். கூடிய அளவில் சாப்பிட்டபோது, குடலுக்கு நல்லது செய்வதாகக் கருதப்படும் ஒரு பாக்டீரியாக் குடும்பம் பெருகியிருந்தது. அதனால் ஆயுசு கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் 6.6 கிராம் என்பது நம் வீட்டுச் சமையலுக்குப் பெரிய அளவே இல்லை.

எனக்குக் கவலை இந்த மசாலாச் சத்துகளை அடைத்து விற்கும் மாத்திரைகளைப் பற்றித்தான். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மஞ்சளின் சத்தான குர்குமின் 2 கிராமோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால், ரத்தத்தில் ஏறுவது 2000 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ‘முதுமையை வெல்லும்’ கேப்ஸ்யூல்கள் கடைக்கு வந்தன. 2022-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், மஞ்சள் மாத்திரையோடு தொடர்புடைய ஈரல் பாதிப்பு 10 பேருக்கு ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். சிலர் சாப்பிட்டதில் பைப்பரினும் இருந்தது.

பைப்பரின் குர்குமினை மட்டும் உள்ளே விடுவதில்லை. வலிப்புக்குத் தரும் பினைட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடும். வயதானவர்கள் காலையில் நாலு, ராத்திரி மூன்று என்று மாத்திரை போடுகிறவர்கள். தோசையிலுள்ள மிளகைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை. கேப்ஸ்யூலில் அடைத்த மிளகைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும், டப்பாவையும் கையோடு கொண்டுபோய்.

அடுத்த வாரம்: சித்திரைப் பந்தல்களின் நீர்மோர்.