கால் மில்லிமீட்டர் இடைவெளி

ரைபிளின் குழல் தேய்ந்தால் கழற்றி மாற்றப்படும் உறுப்பு என்பது, அதைத் தொலைவிலிருந்து பார்த்தே பழகியவர்களுக்கு வியப்பளிக்கலாம். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட மெல்லிய பள்ளங்களில் குண்டு அழுந்திச் செல்லும்போது சுழற்சி பெறுகிறது. அச்சுழற்சியே பம்பரத்தைப் போல அதை நிலை தடுமாறாமல் பறக்கச் செய்கிறது. நம் நாட்டுக் காவல்துறையினர் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த .303 லீ-என்ஃபீல்டு ரைபிளில் இத்தகைய பள்ளங்கள் ஐந்து. பத்து அங்குல நீளத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் அவை இடப்புறமாகச் சுழல்கின்றன. ஒவ்வொரு வெடிப்பிலும் எழும் வெப்பம் தோட்டா அமரும் அறைக்குச் சற்று முன்னுள்ள பகுதியை அரித்துக்கொண்டே வர, ஒரு கட்டத்தில் குறி தவறத் தொடங்குகிறது.

அப்போது குழலை மாற்ற வேண்டும்; மாற்றினால் அதன் பின்முனையில் இருக்க வேண்டிய ஒரு நுண்ணிய இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். பழைய துப்பாக்கிகளுக்கு இந்த இடைவெளித் தொல்லை இல்லை. திருப்பாலைவனத்தை அடுத்துள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலந்து வெடிமருந்து செய்யும் ஆலையையும் அவர்கள் அவ்வூரில் நடத்தினர். அக்காலத் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் வாய்வழியாகவே இடிக்கப்பட்டன. பின்முனையை அடைத்து வைத்திருந்தது மரை வெட்டிய ஓர் இரும்பு அடைப்பான். பின்புறம் திறந்து மூடும் வாயிலே இல்லாததால் அங்கே இடைவெளி என்ற பேச்சுக்கும் இடமிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பித்தளைத் தோட்டா பரவியபோது கணக்கு மாறியது. தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகி, போல்ட் எனப்படும் தாழ்ப்பாளால் மூடிய பிறகு, போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு அமரும் குழலின் பின்முகத்துக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட தூரம் இருந்தாக வேண்டும். .303 ரைபிளில் அது ஏறத்தாழ 1.63 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 1.88க்கு மேல் போகவும் கூடாது. குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால், காற்றழுத்தத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பித்தளைக் கூடு பின்னோக்கி இழுபட்டுக் கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். பிழைக்குக் கிடைக்கும் இடம் கால் மில்லிமீட்டர்தான். மூன்று தலைமயிரை அடுக்கினால் ஏறத்தாழ அவ்வளவு வரும்.

குழலை ரிசீவர் எனப்படும் உடற்கூட்டில் இறுக்கியிருப்பது மரையே. உப்புக்காற்றில் இறுகிப்போன நட்டோடு மல்லுக்கட்டிப் பழகிய பழவேற்காட்டு ஏரிக்கரைப் படகுக்காரருக்கு, கழற்றுவதில் பெரிய மர்மம் எதுவும் தெரியாது. ஆனால் புதுக் குழல் மரையில் ஏறி நிற்கும் நிலை முந்தையதிலிருந்து மயிரிழை மாறினாலும் அந்த இடைவெளி மாறிவிடும் என்பதால், உண்மையான வேலை மாட்டிய பிறகே தொடங்குகிறது. பயிற்சி பெற்ற ஆயுதப் பணியாளர் இரண்டு கேஜ்களை, அதாவது துல்லியமாகக் கடைந்த அளவுக்கட்டைகளை, ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிப் பார்க்கிறார். முதலாவதன் மேல் போல்ட் மூடவேண்டும், இரண்டாவதன் மேல் மூடவே கூடாது. லீ-என்ஃபீல்டின் நான்காம் வகையைச் செய்தவர்கள் இச்சிக்கலை அழகாகவே தீர்த்தனர்: போல்ட்டின் தலையைத் தனி உறுப்பாக்கி, 0 முதல் 3 வரை எண்ணிட்டு, சிறுசிறு அளவு வேறுபாட்டோடு நான்கு நீளங்களில் வழங்கினர். தளர்ந்த ரைபிளுக்குக் குழலைத் தொடாமலே அடுத்த எண்ணுள்ள தலையை மாட்டிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் இவ்வேலை ஈசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, 1966இல் தொடங்கிய திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை போன்றவற்றுக்கும், படைகளின் ஆயுதப் பட்டறைகளுக்கும், உரிமம் பெற்ற சில பணியாளர்களுக்கும் உரியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் உறுப்புகளையும் ஆயுதமாகவே கொள்கிறது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றவரும், பழுதுபார்க்கும் தொழிலை நடத்தத் தனி உரிமம் பெற்றாக வேண்டும். அவ்வுரிமமின்றிச் செய்வோருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது ஏழாண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை உண்டு. படகு எஞ்சினின் ஷாஃப்டை எந்நாளும் கடைந்து தரும் கடைசல் பட்டறை, அதே லேத்தில் ஒரு துப்பாக்கிக் குழலை மாட்டினால் சட்டத்தின் கண்ணில் அது ஆயுதத் தொழிற்சாலை.