பெடல் கல் மாதிரி, ஜீப் நிற்கவில்லை!

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ராணுவம் ஏலம் விட்ட பழைய விலிஸ் ஜீப் ஒன்றை இரண்டு வருடமாகச் சீர்படுத்திக்கொண்டிருக்கிறார். மாஸ்டர் சிலிண்டர் புதிது, வீல் சிலிண்டர் நான்கும் புதிது, லைனிங் புதிது. டிரம்மைக் கடைசல் பிடித்தாயிற்று, ஏர் எடுத்தாயிற்று. மிதித்தால் பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி மட்டும் நிற்பதில்லை. கூவத்தைத் தாண்டிப் புதுப்பேட்டைக்குப் போனால் ஒரு கடையில் பூஸ்டர் போடச் சொல்கிறார்கள், அடுத்த கடையில் டிஸ்க் பிரேக்குக்கு மாறச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டுக்கும் இப்போது அவசியமில்லை. துப்பு அவர் கேள்வியிலேயே இருக்கிறது.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போய்விட்டது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகே மேலே வந்தால் ஷூ டிரம்மிலிருந்து தள்ளி நிற்கிறது. பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருந்து வண்டி ஓடுகிறதென்றால், காலின் அழுத்தம் பெரும்பாலும் ஷூ வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு விலக்கு உண்டு. பழைய ரப்பர் ஹோஸ் உட்பக்கம் வீங்கி அடைத்துக்கொண்டாலும் பெடல் கெட்டியாகும். ஹோஸை மாற்றியதாக அவர் எழுதவில்லை. முதலில் அதை மாற்றிவிடட்டும். பிறகு டிரம்முக்குள் போகலாம். இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

விலிஸின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இரண்டு ஷூக்கள். அவற்றின் அடி முனைகள் பின்களில் மாட்டியிருக்கும். மேல் முனைகளை வீல் சிலிண்டர் அகட்டும். வண்டி முன்னே போகும்போது டிரம்மின் முன்பாதி கீழ்நோக்கி இறங்குகிறது. முன் ஷூவின் லைனிங் அதில் பட்ட கணமே டிரம் அந்த ஷூவைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. அடி முனை பின்னில் சிக்கியிருப்பதால் ஷூவால் கூடவே ஓட முடியாது. டிரம்மில் இன்னும் அழுந்துகிறது. அழுந்தினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் இன்னும் அழுந்தும். பின் ஷூவுக்கு நேரெதிர். டிரம் அதை உதறித் தள்ளுகிறது.

இதை வட்டிக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். கால் போடும் முதல் 100 ரூபாய். உராய்வுக் கெழு 0.4. அழுத்தத்துக்கும் உராய்வுக்கும் நெம்புகோல் நீளம் ஒன்றே என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 40 வட்டி வருகிறது. அந்த 40 தன் பங்குக்கு 16 ஈட்டும், அந்த 16 இன்னொரு 6.40 ஈட்டும். கூட்டிக்கொண்டே போனால் முன் ஷூ டிரம்மை அழுத்துவது 167. நிறுத்தும் விசை அதில் 0.4 பங்கு, அதாவது 67. பின் ஷூ வட்டி கட்டுகிற ஆள், அதற்கு 29தான் தேறும். இப்போது முதலைத் தொடாமல் உராய்வை மட்டும் 0.2 ஆக்குங்கள். முன் ஷூவுக்கு 25, பின் ஷூவுக்கு 17. மொத்தம் 96லிருந்து 42க்கு வந்துவிட்டது. வட்டி விகிதம் பாதியானதும் வருமானம் பாதிக்கும் கீழே போனது. அதிகம் இழந்தது நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த முன் ஷூ. காலுக்கு மட்டும் எதுவும் தெரியாது, பெடல் அதே கல்தான். மறுபக்கம், இதே கணக்கில் விகிதம் 1ஐத் தொட்டால் வட்டிக்கு எல்லையே இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளும். இரவெல்லாம் ஈரத்தில் நின்ற வண்டி காலையில் முதல் மிதிக்கே சட்டென்று கவ்வுவதும் இந்தக் குணத்தால்தான்.

வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். காரில் டிரம் பிரேக்கைக் கொண்டுவந்த பெயர் லூயி ரெனோவுக்கு, 1902இல். ஆயில் அழுத்தத்தால் பிரேக் பிடிக்கும் முறைக்கு மால்கம் லாக்ஹீட் காப்புரிமை வாங்கியது 1917இல். இரண்டாம் உலகப் போரில் விலிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தன. ஆனால் உராய்வைப் பெருக்கும் வித்தை இவர்களுக்கெல்லாம் மூத்தது. 1734இல் நெசவாளர்களுக்காக அமைந்த பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை. பாவு உருளையில் கயிற்றைச் சுற்றி எடை தொங்கவிட்ட தறியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பிடியைப் பெருக்கும்.

சரி, வாசகரின் ஜீப்பில் வட்டி எங்கே குறைந்தது? என் முதல் சந்தேகம் ஷூக்கள் இடம் மாறியிருப்பது. விலிஸில் முன் ஷூவின் லைனிங் நீளம், பின் ஷூவின் லைனிங் குட்டை. அதிகம் உழைக்கிற ஷூவுக்கு அதிக லைனிங். இது தெரியாமல் மாற்றி மாட்டுவது சகஜம்.

அடுத்தது அந்தக் கடைசல். 9 அங்குல டிரம்மைக் கடைந்தால் உள்விட்டம் கூடிவிடும். பழைய அளவு லைனிங் அதற்குள் நடுவில் மட்டுமே படும், பெரிய ஆட்டுக்கல்லில் சின்னக் குழவியைப் போட்ட மாதிரி. பட்ட இடம் மட்டும் சூடேறிக் கண்ணாடி போல் மின்னும், உராய்வு விழும். கண்டுபிடிக்க சாக்பீஸ் போதும். லைனிங் முழுக்கத் தேய்த்து, டிரம்மை மாட்டி, லேசாக மிதித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உழைக்கிற இடம். நடுவில் ஒரு பட்டை மட்டும் அழிந்திருந்தால், தடித்த லைனிங் ரிவிட் அடித்து, டிரம்மின் வளைவுக்கு ஏற்ப அரைத்து வாங்க வேண்டும். வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அட்ஜஸ்ட் செய்வதிலும் ஒரு விஷயம் தவறிப்போகிறது. மேலே உள்ள கேமை மட்டும் திருப்பினால் போதாது. விலிஸின் அடிப் பின்களும் மையம் விலகிய பின்கள்; அவற்றைத் திருப்பி ஷூவின் கீழ்முனையையும் நெருக்க வேண்டும். ஃபீலர் கேஜில் கீழே ஆயிரத்தில் ஐந்து அங்குலம், மேலே ஆயிரத்தில் எட்டு. கடைசியாக அச்சின் ஆயில் சீலைப் பாருங்கள். கசிந்த ஆயிலைக் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பூஸ்டர் முதலை மட்டும் கூட்டும், விழுந்த விகிதத்தை அது தொடாது. டிஸ்க்குக்கு இந்த வட்டி வருமானமே கிடையாது. அதனால் டிஸ்க் போட்டால் பின்னாலேயே பூஸ்டரும் வேறு அளவு மாஸ்டர் சிலிண்டரும் வந்து நிற்கும். ஒரு டன்னைச் சற்றே தாண்டும் ஜீப்புக்கு, அதன் வேகத்துக்கு, சரியாகப் பொருத்திய பழைய டிரம்மே போதும்.

இவ்வளவையும் பார்க்க டிரம்மைக் கழற்றத்தானே போகிறீர்கள்? பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். அதன் தூள் டிரம்மிலும் தட்டிலும் படிந்திருக்கும். அதைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், உதவிக்கு நிற்கும் பையனையும் ஊத விடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.