குழந்தையின் கண் இமையில் சிவப்பு கட்டி: 'தானா போயிடும்'னு காத்திருக்கலாமா?

பிறந்தபோது ஒன்றும் இருக்காது. இரண்டு, மூன்று வாரத்தில் மேல் இமையில் கொசு கடித்த தடம் போல ஒரு சிவப்பு புள்ளி. இரண்டாம் மாதத்துக்குள் அதுவே தடித்து, இமையைக் கீழே இழுக்க ஆரம்பித்துவிடும். பார்த்ததும் பெற்றோர் பயப்படுவது, 'கேன்சரா இருக்குமோ?' என்றுதான்.

இது கேன்சர் இல்லை. ஹீமாஞ்சியோமா எனப்படும் ரத்தக்குழாய் கட்டி. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் அதிகம் வருகிறது. முதல் சில மாதங்கள் வேகமாக வளர்ந்து, ஒரு வயதுக்குப் பிறகு மெல்ல சுருங்கும். முதுகிலோ கையிலோ சின்னதாக இருந்தால், பெரும்பாலும் கவனித்துக்கொண்டே விட்டுவிடலாம்.

கண் பக்கத்தில் வந்தால் அப்படி விட முடியாது. பார்க்கக் கற்றுக்கொள்வது மூளைதான், அதுவும் பிறந்த முதல் மாதங்களில் இருந்தே. இமை தொங்கி கண்மணியை மறைத்தால், அந்தக் கண்ணில் இருந்து வரும் காட்சியை மூளை ஒதுக்கப் பழகிவிடும். இதுதான் 'சோம்பேறிக் கண்'. கண் நன்றாகத் திறந்திருக்கிறதே என்றும் நிம்மதி அடைய முடியாது. கட்டி அழுத்துவதால் கருவிழியின் வளைவு மாறி, காட்சி மங்கலாகலாம். இது வெளியே தெரியாது; கண் டாக்டர் சோதித்தால்தான் தெரியும். நாலு வயதில் கட்டி சுருங்கியிருக்கும், பார்வைக் குறை மட்டும் தங்கியிருக்கும்.

இப்போது முதல் மருந்து, இதய நோய்க்குத் தரப்படும் ப்ரோப்ரனலால். இது தற்செயலாகக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம். பிரான்ஸின் போர்டோ நகரில், மூக்கில் இந்தக் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு சிகிச்சையின்போது இதயப் பிரச்சனை வந்தது. அதற்காக ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் கடும் சிவப்பு மாறி, மிருதுவானது. 2008-ல் இது வெளியானதும் சிகிச்சையே தலைகீழானது. 2014-ல் அமெரிக்கா இதற்கென்றே ஒரு சிரப்பை அங்கீகரித்தது.

பொதுவாக ஒரு கிலோ எடைக்கு தினமும் 2 முதல் 3 மில்லிகிராம், குறைந்தது 6 மாதம். தொடங்கும் முன் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். முகத்தில் கட்டி பெரிதாகப் பரவியிருந்தால் மூளை ரத்தக்குழாய்களுக்கும் ஸ்கேன் எடுப்பதுண்டு.

வீட்டில் முக்கியமான விஷயம் ஒன்று. பால் குடிக்கும்போதோ குடித்த உடனேயோதான் மருந்து தர வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்த சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். குழந்தை வாந்தி எடுத்தாலோ பால் குடிக்காவிட்டாலோ அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். மூச்சில் 'வீசிங்' சத்தம் கேட்டாலும் அப்படித்தான்.

தோல் மேலேயே இருக்கும் மெல்லிய கட்டிக்கு, கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தை மேலே தடவினாலே போதுமானதாக இருக்கலாம். முன்பு அதிகம் போடப்பட்ட ஸ்டீராய்டு ஊசி இப்போது குறைந்துவிட்டது. அரிதாக விழித்திரைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, பார்வையே போகும் ஆபத்து அதில் உண்டு.

கட்டி சுருங்கிய பிறகும் கண் பரிசோதனை தொடரும். சில குழந்தைகளுக்குக் கண்ணாடி தேவைப்படும். சிலருக்கு, நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி, பின்தங்கிய கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள்.