டிரம்பெட் வாங்கப் போகிறீர்களா?

பள்ளி பேண்டுக் குழுவுக்கு ஒரு டிரம்பெட் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மூன்றை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஒன்று தங்கம்போல் மின்னுகிறது. மற்றொன்று வெள்ளி முலாம் பூசியது. மூன்றாவது சற்றுப் பழையது, மெருகு மங்கியிருக்கிறது. எதை வாங்குவது?

நல்ல டிரம்பெட்டுக்கு மூன்று தகுதிகள் வேண்டும். நாதம் நன்றாக இருக்க வேண்டும். சுருதி சேர வேண்டும். அணிவகுப்பு முதல் மெல்லிசை வரை எதற்கும் ஈடுகொடுக்க வேண்டும். இம்மூன்றையும் பெரும்பாலும் தீர்மானிப்பது குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தம்பத்தின் வடிவம்தான். அதைச் சற்று ஆராய்வோம்.

காற்று தரும் சுரங்கள்

நாகசுரத்தில் சீவாளி செய்யும் வேலையை டிரம்பெட்டில் வாசிப்பவரின் உதடுகளே செய்கின்றன. உதடுகள் அதிர, குழாயினுள் காற்றும் ஒத்ததிர்கிறது. பரவலாக வழங்கும் 'பி பிளாட்' டிரம்பெட்டின் வளைவுகளை நிமிர்த்தி அளந்தால் நீளம் சுமார் 148 செ.மீ. வரும். இக்குழாய் எல்லாச் சுரங்களையும் தராது. ஏறத்தாழ 233, 349, 466, 583, 699 ஹெர்ட்ஸ் என 2, 3, 4, 5, 6 என்ற விகிதத்தில் அமைந்த அதிர்வெண்களையே தரும். உதட்டின் இறுக்கத்தை மாற்றி, இவற்றில் வேண்டியதை எழுப்பலாம்.

நம் திருவிழாக்களில் ஒலிக்கும் எக்காளமும் கொம்பும் இந்த வகையே. ஆகவேதான் அவற்றில் சில சுரங்கள் மட்டும் கேட்கின்றன. ஐரோப்பிய டிரம்பெட்டுகளும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தன. 1818-ல் ஸ்டோல்செல், புளூமெல் என்ற இரு ஜெர்மானிய இசைக்கலைஞர்கள் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். வால்வை அழுத்தினால் காற்று ஒரு துணைக்குழாய் வழியாகச் சுற்றிப் போகும். பாதை நீளும், சுரம் இறங்கும். இடையில் விடுபட்ட சுரங்கள் இவ்வாறு கிடைத்தன.

தனிவட்டியும் கூட்டுவட்டியும்

இன்றைய டிரம்பெட்டில் மூன்று வால்வுகள் உள்ளன. முதல் வால்வு இரண்டு அரைச்சுரமும், இரண்டாவது ஓர் அரைச்சுரமும், மூன்றாவது மூன்று அரைச்சுரமும் இறக்கும். ஓர் அரைச்சுரம் இறங்கக் குழாய் சுமார் 6 விழுக்காடு நீள வேண்டும். கணக்கிட்டால் துணைக்குழாய்கள் முறையே 18.1, 8.8, 28.0 செ.மீ. வரும்.

மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும்? கூடுதல் நீளம் 54.9 செ.மீ. ஆனால் ஆறு அரைச்சுரம் இறங்க 61.3 செ.மீ. தேவை. 6.4 செ.மீ. குறைகிறது! முதலும் மூன்றும் சேரும்போது 3.4 செ.மீ. குறைகிறது.

காரணம் எளிது. வட்டிக் கணக்கு உங்களுக்குத் தெரியும் அல்லவா? ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் அதுவரை நீண்டுவிட்ட குழாயில் 6 விழுக்காடு கூட வேண்டும், இது கூட்டுவட்டி. வால்வுகளோ தொடக்க நீளமான 148 செ.மீ.க்கே கணக்கிட்டுக் கூட்டுகின்றன; இது தனிவட்டி. இரண்டும் ஒத்துப்போக வழியில்லை. குழாய் போதாமல் போவதால், மூன்றையும் அழுத்தி வாசிக்கும் சுரம் ஏறக்குறைய பாதி அரைச்சுரம் ஏறி ஒலிக்கும்.

ஆகவே, முற்றிலும் சுருதி சேர்ந்த மூன்று வால்வு டிரம்பெட் என்று ஒன்று கிடையாது. பிழையை வாசிப்பவர் உடனுக்குடன் திருத்திக்கொள்ள இடம்தரும் டிரம்பெட்டே நல்ல டிரம்பெட். மூன்றாம் வால்வின் துணைக்குழாயில் விரல் நுழைக்க ஒரு வளையம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்குழாயை 3.2 செ.மீ. வெளியே தள்ளினால், இரு கைகளும் நீள்வதால் 6.4 செ.மீ. கூடிவிடும். இந்த இழுகுழாய் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். இறுகிப்போயிருந்தால் எவ்வளவு மின்னினாலும் பயனில்லை.

நாதம் எங்கே பிறக்கிறது?

புனல்போல் விரிந்த முன்வாய் ஒலியை வெளியே விடும் கதவு. திருப்பி அனுப்பும் சுவரும் அதுவே. தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் பெரும்பகுதியை அது குழாய்க்குள் திருப்பி அனுப்புகிறது. உயர்ந்த அதிர்வெண் அலைகளை எளிதில் வெளியே விடுகிறது. டிரம்பெட்டின் கணீரென்ற நாதத்துக்கு இது ஒரு காரணம். டிரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே விட்டம் கொண்டது; சுமார் 11.7 மி.மீ. இதே நீளமுள்ள ஃபுளூகல்ஹார்ன் பெரும்பகுதி கூம்பாக விரிவதால் அதன் நாதம் மென்மையாக இருக்கிறது.

உலோகமா, வடிவமா? 1986-ல் ரிச்சர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், முன்வாயின் தகட்டுத் தடிமன் மட்டும் வேறுபட்ட டிராம்போன்களைக் கலைஞர்களிடம் தந்து, எது எது என்று தெரியாதவாறு வாசிக்கச் செய்தார். அவர்களால் வேறுபாடு காண முடியவில்லை. தடிமனே இப்படியென்றால், மெல்லிய முலாம் நாதத்தை அடியோடு மாற்றிவிடும் என்று நம்ப வேண்டியதில்லை.

மவுத்பீஸின் கதை வேறு. உதடு பொருந்தும் அதன் கிண்ணம் ஆழம் குறைந்தால் நாதம் பளிச்சென்று ஒலிக்கும். ஆழம் கூடினால் தணிந்து ஒலிக்கும். ஒரே டிரம்பெட்டைப் பலவகை இசைக்கும் பயன்படுத்த, மவுத்பீஸை மாற்றுவதே செலவு குறைந்த வழி.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. வால்வுகளை வேகமாக அழுத்தி விடுங்கள். தடங்கலின்றி மேலே வர வேண்டும்.

2. இரண்டாம் வால்வை அழுத்தாமலே அதன் துணைக்குழாயை உருவுங்கள். 'டப்' என்று ஒலித்தால் காற்று கசியவில்லை என்று கொள்ளலாம்.

3. மவுத்பீஸை அடுத்த குறுகிய குழாயில் நெளிவு உண்டா என்று பாருங்கள். அங்கே சிறு நெளிவும் சுருதியைப் பாதிக்கும்.

4. சில நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதி பாருங்கள். குழாய்க் காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால், சுருதி அரைச்சுரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உயரும்.

5. வாசிக்கத் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் ஒரே சுரத்தை மெதுவாகவும் உரக்கவும் வாசிக்கட்டும். நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள்; கண் காதை ஏமாற்றக்கூடாது.

வீட்டில் செய்து பாருங்கள்

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் ஒன்றரை மீட்டர் துண்டை எடுத்து நன்கு கழுவுங்கள். ஒரு முனையில் புனலைச் செருகுங்கள். மறுமுனையில் உதடுகளை இறுக மூடி வைத்து, அவை 'பிர்ர்' என்று அதிருமாறு ஊதுங்கள். உதட்டை இறுக்க இறுக்கச் சுரம் படிப்படியாகத் தாவும். எத்தனை சுரங்கள் கிடைத்தன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்ட சுரங்களைக் கொண்டுவர அந்தக் குழாயில் என்ன செய்யலாம் என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள்!