ஆடிக் காற்றில் கிளம்புங்கள்

மலை, மணல்காடு, கடற்கரை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ராஜஸ்தான் பக்கம் வரைபடத்தைத் தேட வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே வண்டியைத் திருப்பினால் போதும். ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் அதே சாலைதான். சேலம், நாமக்கல், கரூர், மதுரை தாண்டி திருநெல்வேலியில் இறங்கித் திருச்செந்தூர் பக்கம் போனால் தேரிக்காடு. அதை ஒட்டியே கடல்.

வழி எளிது. யோசிக்க வேண்டியது மாதத்தைத்தான். பள்ளி விடுமுறை என்பதால் பெரும்பாலான குடும்பங்கள் மே மாதத்தில் கிளம்புகின்றன. நான் சொல்வது ஆடி. காரணம், தென்மேற்குப் பருவக்காற்று. குடகில் அது கொட்டும் மழைதான், பயணத்தின் முதல் நிறுத்தமான தர்மபுரிப் பக்கத்து ஒகேனக்கல் அருவியில் காவிரி வெள்ளமாக வந்து விழுகிறது. அதே காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாக வறண்டு வந்து நெல்லைச் சீமையின் செம்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. அப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடலோரத்தில் குவித்துவைத்த மண்தான் தேரி. அருவிக்கும் மணல்மேட்டுக்கும் காரணம் ஒரே காற்று என்று தெரிந்துகொண்டு போகும்போது, நடுவிலிருக்கும் நீண்ட நெடுஞ்சாலைகூட அலுப்புத் தட்டாது.

ஆடியில் ஒரு சிக்கல் உண்டு. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. அந்தக் கணக்கு ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும். 2018, 2024 போன்ற ஆண்டுகளில் வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தியில் நீர்வரத்தைப் பாருங்கள். தடை இருந்தால் கரையில் நின்று கெஞ்ச வேண்டாம், பரிசல்காரர்களையும் வற்புறுத்த வேண்டாம். காபித் தோட்டங்கள் உள்ள வத்தல்மலைக்கு ஏறிவிடுங்கள். ஆடிப்பெருக்கு நாளையும் தவிர்ப்பது நல்லது. அன்று ஒகேனக்கல்லில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

சற்றே விலகிப் பாப்பாரப்பட்டிக்கும் போய் வர வேண்டும். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று உயிர்விட்ட ஊர் அது. தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து பேசிய மனிதரின் நினைவிடத்தில் ஒரு மணி நேரம் செலவிடுவதைவிட, அந்தப் பகுதியில் செய்யத்தக்க நல்ல காரியம் வேறில்லை.

தர்மபுரியை விட்டதும் தொப்பூர் கணவாய். இந்தப் பயணத்தில் நான் உண்மையாகவே பயப்படும் இடம் இதுதான். தெற்கே போகிறவர்களுக்கு இது இறக்கம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளில் மோதி எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. பகலில் கடந்துவிடுங்கள். கியரைக் குறைத்து இறங்குங்கள். லாரிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இரவு மதுரையில் தங்கலாம். மறுநாள் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் தென்படத் தொடங்கும். இறக்கைகள் வேகமாகச் சுழன்றால், தேரியில் மணல் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே குதிரைமொழித் தேரி. இரும்பு ஆக்சைடு பூசிய மணல், அதனால்தான் அந்தச் சிவப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும் பூமி என்பதால் கண்டிப்பான கணக்கில் இதைப் பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஆடி மதியத்தில் அங்கே நின்றவர்கள் வேறு பெயர் சொல்ல மாட்டார்கள். மண் நகராமல் இருக்கப் பனையும் முந்திரியும் உடையும் வளர்த்திருக்கிறார்கள். இத்தனை வறட்சிக்கு நடுவே மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் நல்ல தண்ணீர்ச் சுனை இருக்கிறது. மேட்டில் விழும் மழையை மணல் அப்படியே உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்வதால் கிடைக்கும் கொடை அது. காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்காதீர்கள், சக்கரம் புதைந்துவிடும். நடந்து போங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலை மட்டும் அங்கே எறிந்துவிட்டு வராதீர்கள்.

அங்கிருந்து உடன்குடி. கருப்பட்டி வாங்கிக்கொண்டு குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு போகலாம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஊர் குலசேகரன்பட்டினம். மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. ஆடியில் இங்கே கடல் சீற்றமாக இருக்கும். குழந்தைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், குன்றின் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு நாள் கையில் இருந்தால் போதும். ஐந்தாவது நாளும் கிடைத்தால் வந்த வழியே திரும்பாமல், தூத்துக்குடி உப்பளங்களைத் தொட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம் வரை ஏறி, அங்கிருந்து மதுரைக்குத் திரும்பி ஊர் வந்து சேரலாம்.